கூரையும் ஆசிரியையும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் காரைக்கால் நகரம் மாங்கனித் திருவிழாவுக்கு ஆயத்தமாகிவிடும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து இறைக்கப்படும் கனிகளை ஏந்திப் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். அதே நாள்களில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு கல்லூரிகளின் வாசலில் நிற்பார்கள். நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வசிப்பது அரசலாற்றுக்குத் தெற்கே, நெரவியில். கடந்த ஆனியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மாணவி தன் தந்தையோடு வந்தாள். கணிதத்தில் மிக உயர்ந்த மதிப்பெண். சென்னைக்குச் சென்று இளநிலைக் கணிதம் படிக்க வேண்டும், அதன் பிறகு ஆராய்ச்சி வரை போக வேண்டும் என்பது அவளது ஆசை.

தந்தை கடுமையானவர் அல்லர். மகளின் திறமையை அவர் சந்தேகிக்கவும் இல்லை. அவருக்கு மூன்று கேள்விகள் இருந்தன. பெண் எங்கே தங்குவாள்? செலவுக்கு யார் பணம் கொடுப்பது? கணிதம் படித்து முடித்தபின் என்ன வேலை கிடைக்கும்? உறவினர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அவர் வாய்விட்டுக் கேட்காத நான்காவது கேள்வி.

இந்தக் கேள்விகள் எனக்குப் புதியவை அல்ல. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மாணவியின் தந்தை இதே கேள்விகளோடு என் முன்னால் நின்றார். அன்று நான் அந்தப் பெண்ணின் அறிவைப் புகழ்ந்தேன். கணிதத்தின் பெருமையைப் பேசினேன். பெண்கல்வியின் அவசியம் குறித்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார். அடுத்த தை மாதம் அவளுடைய திருமண அழைப்பிதழ் வந்தது. அவர் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை என்பது வெகு காலத்துக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

இம்முறை அந்தப் பிழையைத் திரும்பவும் செய்ய நான் விரும்பவில்லை. இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் செயலால் பதில் சொன்ன ஒருவரின் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். சகோதரி சுப்புலட்சுமி என்று தமிழுலகம் அறிந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கை அது. அவர் கணித மேதை அல்லர். சமூகச் சீர்திருத்தவாதி, கல்வியாளர் என்றே வரலாறு அவரைக் குறிக்கிறது. ஆயினும், தமிழ்ப் பெண்கள் கணிதத் துறைக்கு வந்த பாதையைப் பின்னோக்கித் தொடர்ந்தால் அது அவர் திறந்த கதவுகளில் ஒன்றின் வழியாகச் செல்வதைக் காண்கிறோம்.

அவர் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் அரசு உத்தியோகத்தில் இருந்தவர், தாய் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் நம் காவிரிப் படுகைதான். அன்றைய தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். சிறுமி சுப்புலட்சுமி ஒன்பதாம் வயதில் செங்கல்பட்டு மாவட்ட அளவில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றார். அக்கால வழக்கப்படி, அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவருக்குத் திருமணம் நடந்தது. திருமணம் என்றால் இன்னதென்று விளங்கும் முன்பே கணவர் இறந்தார். பருவமடையாத சிறுமி கைம்பெண் ஆனார்.

அக்காலத்தில் அந்தச் சமூகத்தில் ஒரு கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்த வாழ்க்கை நாம் அறியாதது அல்ல. தலையை மழித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, ஒருவேளை உணவோடு, வீட்டின் பின்கட்டில் எல்லாருக்கும் ஊழியம் செய்து, எந்த மங்கல நிகழ்ச்சியிலும் எதிரே வராமல் வாழ்நாளைக் கழிக்க வேண்டும். சுப்பிரமணிய ஐயர் தம் மகளை அதற்கு உட்படுத்தவில்லை. முடியை மழிப்பதற்குப் பதிலாகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஊராரின் ஏச்சையும் உறவினர்களின் விலக்கத்தையும் அவர் தாங்கிக்கொண்டார். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாளும் இளம்வயதிலேயே கணவரை இழந்தவர். மகளின் படிப்புக்காக ஒரு குடும்பமே தன் வாழ்க்கையைத் திருத்தி அமைத்துக்கொண்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு பெண் படிக்கிறாள் என்றால், அவளுக்காக வசவைத் தாங்கிக்கொள்ள யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்று பொருள்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தபோது, குடும்ப வாழ்க்கை இல்லாமலேயே பெண்கள் கற்பித்தலை ஒரு தவமாகவும் தொழிலாகவும் கொண்டு மதிப்போடு வாழ முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டார். பிற்காலத்தில் அவர் பெயரோடு சகோதரி என்ற சொல் ஒட்டிக்கொண்டது பொருத்தமே. அவர் மதம் மாறவில்லை. அந்த வாழ்க்கை முறையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி அவர்தான். அதுவும் முதல் வகுப்பில்.

அந்த ஆண்டை ஒரு கணித ஆசிரியன் எளிதில் மறக்க முடியாது. அதே 1911-இல்தான் சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ராமானுஜன் சுப்புலட்சுமியைவிட ஏறத்தாழ ஒன்றேகால் வயது இளையவர். இருவரும் காவிரிக்கரைக் குடும்பங்களின் பிள்ளைகள். 1912-இல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்; அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள், சிபாரிசு செய்தார்கள், உதவித்தொகை பெற்றுத் தந்தார்கள்; இரண்டே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். கல்லூரித் தேர்வுகளில் தோற்ற ஓர் ஏழை இளைஞரை உலக மேதையாக்கியது அவரது அறிவு மட்டுமன்று. அந்த அறிவை அடையாளம் கண்டு சோறும் நேரமும் கொடுத்தவர்களின் ஆதரவும்தான்.

ராமானுஜனின் மனைவி ஜானகியம்மாளை நாம் அதிகம் நினைப்பதில்லை. 1909-இல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது பத்து. 1920 ஏப்ரலில் ராமானுஜன் மறைந்தபோது இருபத்தொன்று. பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தையல் வேலையாலும் சிறிய ஓய்வூதியத்தாலும் நெடுங்காலம் வாழ்ந்து 1994-இல் மறைந்தார். நம் காலத்தின் மாபெரும் கணித மேதையின் வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்குப் பிழைக்கக் கிடைத்தது ஊசியும் நூலும். அவரது உழைப்பில் இழிவு ஏதும் இல்லை. மாறாக, தன் காலில் நின்ற அவரது மன உறுதி வணங்கத்தக்கது. ஆனால், அவருக்குள் வேறென்ன திறமை இருந்தது என்று கேட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே காலத்தில், ஒரே சமூகத்தில், ஓர் ஆணின் அறிவைக் காக்க எத்தனை கைகள் நீண்டன என்பதையும், பெண்ணின் அறிவு கேட்பாரற்றுக் கிடந்தது என்பதையும் அந்த ஒரு வீடே காட்டுகிறது.

கேட்பாரற்றுக் கிடந்த அந்த அறிவைக் கேட்க முனைந்தவர்தான் சுப்புலட்சுமி. பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1912-இல், எழும்பூரில் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டில் நான்கு இளம் கைம்பெண்களைத் தங்கவைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களுக்கு வீட்டுத் தாயாக இருந்தவர் சித்தி வாலாம்பாள். அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தையும் நிறுவினார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி இந்த முயற்சியின் அருமையை உணர்ந்து அரசின் உதவியைப் பெற்றுத் தந்தார். மாகாணத்துக்குப் பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். கைம்பெண்களுக்கு வாழ்க்கை தேவைப்பட்டது. இரண்டு தேவைகளையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் சுப்புலட்சுமியின் நுட்பம்.

அவரது வழிமுறையை ஊன்றிப் பார்க்க வேண்டும். கைம்பெண்களின் அவலம் குறித்து அவர் மேடைகளில் முழங்கி ஓய்ந்துவிடவில்லை. ஒரு தந்தையோ தாயோ தம் பெண்ணை அனுப்பத் தயங்குவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டோ அவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார். தங்க இடமில்லை என்றால் விடுதி. பணமில்லை என்றால் அரசு உதவி. ஆசாரம் கெட்டுவிடும் என்றால் விடுதிச் சமையலும் பழக்கவழக்கங்களும் அந்தக் குடும்பங்கள் ஏற்கும் வகையிலேயே நடந்தன. படித்து என்ன பயன் என்றால், ஆசிரியை வேலையும் மாதச் சம்பளமும். காலங்காலமாகக் கேட்கப்பட்டு வந்த கேள்விகளுக்குக் கட்டடத்தாலும் கணக்கேட்டாலும் பதில் சொன்னார் அவர்.

விடுதியில் பெண்களின் எண்ணிக்கை பெருகியது. 1917-இல் அரசு சென்னைக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை விலைக்கு வாங்கிக் கைம்பெண்கள் இல்லத்துக்கு அளித்தது. 1842-இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கட்டடம் அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடம். இன்று விவேகானந்தர் இல்லம். பிரிட்டிஷ் கனவான்களின் பானங்களுக்காகப் பனிக்கட்டியைப் பாதுகாத்த அந்தச் சுவர்கள், பின்கட்டுகளில் வாடியிருக்க வேண்டிய பெண்களின் அறிவைப் பாதுகாத்தன. சிலேட்டும் பலகையுமாக அங்கே நுழைந்த சிறுமிகள் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

இந்த முயற்சியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அவர் தொடங்கிய இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானது. அரசும் அந்த வரையறையோடுதான் உதவி செய்தது. ஆசாரத்தை மீறாமல் அனுசரித்துப்போனது அக்குடும்பங்களின் கதவுகளைத் திறக்க உதவியது உண்மை. ஆனால் அதே அனுசரிப்பு மற்றச் சமூகப் பெண்களுக்கு அந்தக் கதவைச் சாத்தியும் வைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பின்னர் ஔவை இல்லத்தைத் தொடங்க நேர்ந்ததற்கு, சாதி வாரியாகப் பிரிந்து கிடந்த விடுதிகளில் இடம் கிடைக்காத பெண்களின் நிலையே காரணம். ஒருவரை மதிப்பது என்றால் அவர் எட்டிய தூரத்தையும் எட்டாத தூரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். கணக்கு ஆசிரியனுக்கு அந்த நேர்மை முக்கியம்.

சுப்புலட்சுமியின் அடுத்த அடிதான் என் பார்வையில் மிக முக்கியமானது. 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றார். பட்டதாரிகள் முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் வரை பல நிலைகளில் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது; மாணவியருக்குப் பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கற்பித்தால் ஒரு பெண் கற்கிறாள். ஓர் ஆசிரியையை உருவாக்கினால், ஆண்டுக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் 1,200 மாணவிகள். அவர்களில் நால்வர் ஆசிரியைகள் ஆனால்கூட அடுத்த தலைமுறையில் 4,800. கூட்டல் எங்கே முடிந்து பெருக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தவர் அந்த அம்மையார்.

கணிதத்துக்கு இது குறிப்பாகப் பொருந்தும். மொழியும் வரலாறும் ஓரளவுக்குத் தானே படித்துத் தேறக்கூடியவை. கணிதத்தில் ஓர் இடத்தில் இடறினால், கைகொடுத்துத் தூக்கிவிட ஒருவர் எதிரே இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கு ஆண் ஆசிரியரை அனுமதிக்கத் தயங்கிய காலத்தில், கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை இல்லை என்றால் அந்தப் பள்ளியில் கணக்கே இல்லை என்று பொருள். கரும்பலகையின் முன்னால் ஒரு பெண் நின்று தேற்றத்தை நிறுவிக் காட்டும்போது, எதிரே அமர்ந்திருக்கும் சிறுமி தேற்றத்தை மட்டும் கற்பதில்லை. இது தனக்கும் உரியது என்பதையும் சேர்த்தே கற்கிறாள்.

1920-களில் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயாவை அவர் தொடங்கினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்துக்காகக் குரல் கொடுத்து, அதற்கென அமைந்த ஜோஷி குழுவின் முன்னால் கருத்துரைத்தார். தாம் எந்தக் கொடுமையிலிருந்து தப்பினாரோ, அந்தக் கொடுமைக்கே சட்டத்தின் வேலி போட முனைந்தார். 1938-இல் சாரதா வித்யாலயாவை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தாம் வளர்த்த நிறுவனத்தைத் தமக்குப் பின்னும் நிலைக்கும் ஓர் அமைப்பின் கையில் விட்டுவிட்டு விலகும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தை அமைத்தார். மயிலாப்பூர் மகளிர் சங்கம் வித்யா மந்திர் பள்ளியை உருவாக்கத் துணைநின்றார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று, 83-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைவுக்கு முன்பே இன்னொரு கதை தொடங்கிவிட்டது. 1948-இல் மயிலாடுதுறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நெரவியிலிருந்து பேருந்தில் புறப்பட்டால் ஒரு முற்பகலுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய ஊர் அது. ராமன் பரிமளா என்ற அந்தப் பெண், சென்னையில் சாரதா வித்யாலயா பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்து 1976-இல் முனைவர் பட்டம் பெற்றார். இயற்கணிதத்தில், குறிப்பாக இருபடி வடிவங்கள் பற்றிய கோட்பாட்டில், உலகம் அறிந்த அறிஞர் ஆனார். 1987-இல் பட்நாகர் விருது. 1994-இல் ஜூரிச்சில் நடந்த உலகக் கணித மாநாட்டில் சிறப்பு அழைப்பாளர். 2010-இல் ஹைதராபாத் மாநாட்டில் முழு அவைக்கும் உரை நிகழ்த்தும் பெருமை. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

பரிமளாவை உருவாக்கியவர் சுப்புலட்சுமி என்று சொன்னால் அது மிகை. அவரது மேதைமை அவருடையது. அவரை ஊக்குவித்த குடும்பத்துக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நான் சொல்ல வருவது வேறு. அந்தச் சிறுமி கணிதம் கற்க வந்தபோது அவளுக்காக ஒரு பள்ளி காத்திருந்தது. கைம்பெண்களுக்குக் கூரை தேடி அலைந்த ஒருவர் இட்ட விதையிலிருந்து எழுந்த பள்ளி அது. நட்டவர் நிழலை எதிர்பார்த்து நடவில்லை. நிழலில் அமர்ந்தவர் நட்டவரைத் தேடவும் அவசியமில்லை. நிறுவனம் என்பதன் பொருளே அதுதான்.

திறமையும் வசதியும் இருந்தும் நிறுவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் காரைக்காலை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆண்ட பிரான்ஸ் நாட்டிலேயே சான்று உண்டு. 1776-இல் பாரிஸில் பிறந்த சோஃபி ஜெர்மேனுக்கு வசதியான வீடும் தந்தையின் நூலகமும் இருந்தன. ஆனால் 1794-இல் தொடங்கிய புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக் பெண்களைச் சேர்க்கவில்லை. லெப்லான் என்ற ஆண் பெயரில் எழுதித்தான் லக்ராஞ்சுக்கும் காஸுக்கும் தன் கணிதத்தைக் காட்ட முடிந்தது. உண்மை தெரிந்தபின் இருவருமே அவரைப் பாராட்டினார்கள். பாராட்டினார்கள், அவ்வளவுதான். எந்தப் பதவியும் இல்லாமல் 1831-இல் அவர் மறைந்தார். அந்தக் கல்விக்கூடம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1972-இல். பாராட்டுக்கும் ஆதரவுக்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக அளக்க முடியாது.

அந்தத் தூரம் இன்னும் முழுவதுமாகக் கடக்கப்படவில்லை. கணிதத்தின் உச்ச விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936 முதல் வழங்கப்படுகிறது. 2022 வரை அதைப் பெற்ற பெண்கள் இருவரே: 2014-இல் ஈரானின் மரியம் மிர்சாகானி, 2022-இல் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா. நம் ஊர்ப் பள்ளிகளில் கணிதத்தில் முதலிடம் பெறும் மாணவிகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்கள் இளநிலைப் பட்டம் வரை வருகிறார்கள், முதுநிலையில் குறைகிறார்கள், ஆராய்ச்சியின் வாசலில் மிகச் சிலரே மிஞ்சுகிறார்கள். வடிகட்டப்படுவது அறிவு அன்று. திருமண வயது, தங்கும் இடம், நீண்ட படிப்புக் காலத்தின் செலவு, குழந்தை பிறந்தபின் திரும்பிவர வழியின்மை ஆகியவைதான் அந்த வடிகட்டியின் துளைகள்.

இன்று நிலைமை 1912 அன்று. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. பணிபுரியும் பெண்களுக்கெனத் தோழி விடுதிகள் எழுந்துள்ளன. தேசிய உயர்கணித வாரியம் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை அளிக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் உலகத் தரத்தில் இயங்குகின்றன. காரைக்காலிலேயே ஔவையார் அரசு மகளிர் கல்லூரியும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. வசதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், நெரவியில் ஒரு தந்தை அமர்ந்திருக்கும் திண்ணைக்கும் அந்த வசதிகளுக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. சுப்புலட்சுமியின் காலத்தில் கட்டடம் தேவைப்பட்டது. நம் காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு வழி சொல்ல ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளாக இருப்பது ஆசிரியரின் கடமை.

மாங்கனித் திருவிழா முடிந்த மறு வாரம், நான் ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கல்லூரிகளை அழைத்து விசாரித்த விடுதிக் கட்டணம், உணவுச் செலவு, போக்குவரத்து. எந்தெந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாண்டின் மொத்தச் செலவில் எவ்வளவு குறையும். கணிதப் பட்டதாரிக்குப் பள்ளி, கல்லூரி, வங்கி, காப்பீடு, புள்ளியியல், மென்பொருள், ஆராய்ச்சி எனத் திறந்திருக்கும் வேலைகள் எவை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டுப் படிப்பு தேவை. முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரு பெண்ணின் படிப்புக்கான வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதுவரை தோன்றவே இல்லை என்பது வெட்கமாக இருந்தது.

அந்தத் தாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இம்முறை நான் புகழவில்லை, வாதிடவும் இல்லை. தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இருமுறை படித்தார். விடுதிக் கட்டணத்தில் ஓர் இடத்தில் நான் செய்திருந்த கூட்டல் பிழையை உள்ளே இருந்து வந்து எட்டிப் பார்த்த மகள் சுட்டிக்காட்டினாள். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். சம்மதம் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை சென்னைக்குப் போய் அந்த விடுதியை நேரில் பார்த்துவிட்டு வரலாமா, நீங்களும் உடன் வர முடியுமா என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தோம். இப்போது அவள் அங்கே இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள்.

காரைக்கால் அம்மையாரின் கதையைத் திருவிழாதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கணவன் விலகிப்போன பிறகு, தான் விரும்பிய வழியில் செல்வதற்காகப் புனிதவதி தன் அழகையும் உடலின் தசையையும் உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் என்பது அந்தக் கதை. பக்தியின் உச்சமாக அதை வணங்குகிறோம், வணங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெண் தன் அறிவின் வழியே செல்ல விரும்பும்போது, தன்னையே உதறிவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இன்றைக்கும் இருக்கலாகாது. தலைமுடியையும் தன்மானத்தையும் இழக்காமலேயே ஒரு பெண் கற்கவும் கற்பிக்கவும் முடியும் என்று சுப்புலட்சுமி தம் வாழ்க்கையால் நிறுவிக் காட்டினார்; கணிதத்தில் ஒரு முறை நிறுவப்பட்டதை மறுபடியும் நிறுவ வேண்டியதில்லை, பயன்படுத்தினால் போதும்.

கணித ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆனியில் உங்கள் வீட்டுக்கும் ஒரு தந்தை வருவார். அவர் வருவதற்கு முன்பே அந்தத் தாளை எழுதி வைத்திருங்கள். கூட்டலை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.